ஊசுட்டேரிக்கு ஒரு குழி நிலம்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர் அந்தச் சின்னப் பயணத்துக்குள் மாநில எல்லையை மூன்று முறை கடந்துவிடுகிறார். வளவனூர் தாண்டினால் மதகடிப்பட்டில் புதுச்சேரி தொடங்கும். திருபுவனை, திருவண்டார்கோவில் கழிந்து கண்டமங்கலத்தில் மறுபடி தமிழ்நாடு. கொஞ்ச தூரத்தில் அரியூர் வந்தால் திரும்பவும் புதுச்சேரி. மதுக்கடைப் பலகை மாறும், பெட்ரோல் விலை மாறும், போலீஸ்காரரின் தொப்பி மாறும். மாறாமல் கூடவே வருவது மனை விற்பனைப் பலகை.

நெல்லும் கரும்பும் நின்ற வயலில் ஜேசிபி இறங்கி வரப்பை உடைக்கிறது. சில நாளில் உள்ளே கிராவல் சாலை போட்டுவிடுகிறார்கள். சாலையின் இருபுறமும் பெயின்ட் அடித்த எல்லைக் கற்கள், முகப்பில் ஒரு வளைவு, வரிசையாகக் கொடிகள். புதுச்சேரிக்கு இவ்வளவு நிமிடம், நான்குவழிச் சாலைக்கு இவ்வளவு நிமிடம் என்று பலகையில் எழுதியிருக்கும். ஏரிக்குப் பக்கம் என்றால் அதையும் பெருமையாகவே எழுதுகிறார்கள்.

அந்த ஏரிதான் இந்தக் கட்டுரையின் விஷயம். கண்டமங்கலத்திலிருந்து வடகிழக்கே ஏழெட்டு கிலோமீட்டரில் இருக்கிறது ஊசுட்டேரி. ஊசுடு ஏரி என்றும் சொல்வார்கள். சுமார் 800 ஹெக்டேர் பரப்பு, 7 கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரை. புதுச்சேரி வட்டாரத்தில் இதைவிடப் பெரிய நன்னீர் ஏரி கிடையாது. ஏறக்குறைய பாதி புதுச்சேரிக்குள், மீதி விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்துக்குள். புதுச்சேரி அரசு தன் பங்கான 390 ஹெக்டேரை 2008-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாடு அரசு தன் பக்கத்து 331 ஹெக்டேர் சொச்சத்தை 2015-ல் அறிவித்தது. காகிதத்தில் ஏரி பத்திரமாக இருக்கிறது.

ஆனால் ஏரி என்பது தண்ணீர் நிற்கும் இடம் மட்டும்தானா? தண்ணீர் வரும் வழியும் ஏரிதான். அந்த வழி முழுக்கப் பட்டா நிலம். சரணாலய எல்லைக் கல் முடிகிற இடத்தில் மனைக்கல் தொடங்கிவிடுகிறது. இன்னும் சில ஆண்டுகள் இப்படியே போனால், நாலு பக்கமும் காம்பவுண்டுச் சுவர் சூழ்ந்த ஒரு பெரிய குட்டையைத்தான் இரண்டு அரசுகளும் சரணாலயம் என்று பாதுகாத்துக்கொண்டிருக்கும்.

அந்த நிலத்தை ஊரே சேர்ந்து விலை கொடுத்து வாங்கினால் என்ன? இந்தக் கேள்வியைக் கண்டமங்கலம், வானூர், வில்லியனூர் பக்கத்து மக்கள் முன்னால் வைக்கவே இதை எழுதுகிறேன்.

மேட்டில் விழும் மழை

ஏரிக்கு வடகிழக்கே நிலம் மெல்ல உயர்ந்து செம்மண் மேடாகிறது. பூத்துறை, ஆரோவில் பக்கம் பார்த்திருப்பீர்கள். அந்த மேட்டின் செம்மண் தண்ணீருக்கு எளிதில் கரையும். மரமும் புதரும் போர்த்தியிருந்தால் மழை இறங்கி உள்ளே போகும். மொட்டையாக விட்டால் ஓடும். ஓடுகிற தண்ணீர் முதலில் விரல் ஆழத்துக்குக் கோடு கிழிக்கும். அடுத்த ஐப்பசியில் அது முழங்கால் ஆழம். சில பத்தாண்டுகளில் ஆள் இறங்கினால் தலை தெரியாத பள்ளத்தாக்கு. பூத்துறை அருகே அப்படி அரித்துப் போன செம்மண் பள்ளங்களுக்குள் இறங்கி நின்றால், இருபுறமும் சுவர் மாதிரி சிவப்பு மண். அதில் மேலே வேர்கள் தொங்கும். கைவைத்தால் மண் பொடிப்பொடியாக உதிரும். அந்த மண் அடுத்த மழையில் தாழ்வான இடம் தேடிப் போகும், ஏரி மேடாகும்.

போதாக்குறைக்கு மனிதர்களும் அள்ளினார்கள். பூத்துறையில் அனுமதித்த அளவைத் தாண்டிச் செம்மண் வெட்டி எடுத்ததாக 2012-ல் பதிவான வழக்கு நாடறிந்தது.

ஏரிக்கு இன்னொரு வரத்து சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வருகிறது. மயிலம், திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து மழையெல்லாம் சேர்ந்த ஆறு அது. வாய்க்காலின் கரை யாருடைய பட்டாவை ஒட்டிப் போகிறதோ அவர் மனது வைத்தால்தான் அகலம் மிஞ்சும்.

இந்தத் தண்ணீரை நம்பி இருப்பது பறவைகள் மட்டும் இல்லை. வானூரிலிருந்து புதுச்சேரி வரை தரைக்கடியில் மணற்கல் அடுக்குகள் இருக்கின்றன. ஆழ்குழாய்க் கிணறுகள் உறிஞ்சுவது அதிலிருந்துதான். கடலோரக் கிராமங்களில் ஏற்கெனவே உப்பு ஏறத் தொடங்கிவிட்டது. ஏரியும் அதன் மேட்டு நிலங்களும்தான் மேலிருந்து அந்த அடுக்குகளுக்கு நல்ல நீரை ஊட்டுகின்றன. புதுச்சேரி நகரத்தில் குழாயைத் திருப்புகிறவருக்கு வானூர் வட்டத்து மேட்டு நிலத்தோடு இருக்கும் உறவு இதுதான். நிலம் ஒரு மாநிலத்தில், தாகம் இன்னொரு மாநிலத்தில்.

2024 நவம்பர் கடைசி நாளில் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது மயிலத்திலும் புதுச்சேரியிலும் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. சங்கராபரணி கரை மீறியது. அந்த ராத்திரியை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அவ்வளவு தண்ணீரையும் வாங்கிப் பரப்பிக்கொள்ளத் திறந்த வயலும் புறம்போக்கும் மிச்சம் இருந்த இடங்களுக்கும், மனை போட்டு மேடாக்கிய இடங்களுக்கும் இருந்த வித்தியாசம் கண்ணெதிரே தெரிந்தது.

விவசாயி மேல் மட்டும் ஏன் பாரம்?

இயற்கையைக் காக்க நம் நாட்டுக்குத் தெரிந்த வழி அரசாணை. கோடு கிழித்து, இதற்குள் இது கூடாது, அது கூடாது என்று சொல்லிவிடுவது. புறம்போக்குக்கும் காப்புக்காட்டுக்கும் அது சரி. பட்டா நிலத்துக்கு வரும்போது நிலைமை வேறு.

சரணாலயத்தைச் சுற்றிச் சூழல் கூருணர்வு மண்டலம் என்று வந்தால், இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி என்ன நினைப்பார்? நிலம் என் பேரில் இருக்கும், ஆனால் விலை போகாது என்றுதான் நினைப்பார். மகள் கல்யாணமும் மகன் படிப்பும் ஆஸ்பத்திரிச் செலவும் அந்த நிலத்தை நம்பித்தான் இருக்கின்றன. பறவை வாழ வேண்டும், நிலத்தடி நீர் ஊற வேண்டும், நகரம் குடிக்க வேண்டும். இத்தனைக்கும் விலையை அவர் ஒருவரே கட்ட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? அறிவிப்பு வரும் முன்னமே கிடைத்த விலைக்குத் தரகரிடம் தள்ளிவிடுவோம் என்று ஓடுவதில் ஆச்சரியம் இல்லை. காக்க வந்த சட்டமே விற்பனையை வேகப்படுத்திவிடுகிறது.

நீலகிரியில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். சீகூர் யானை வழித்தடத்தைத் தமிழ்நாடு அரசு 2010-ல் அறிவிக்கை செய்தது. ரிசார்ட் உரிமையாளர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். 2011-ல் உயர் நீதிமன்றம் அரசாணையை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் முடிவு வந்தது 2020 அக்டோபரில். பத்து ஆண்டு. தீர்ப்பு நல்ல தீர்ப்பு, வந்தே ஆக வேண்டிய தீர்ப்பு. ஆனால் பத்து ஆண்டுக்குள் ஊசுட்டேரியைச் சுற்றி எத்தனை லே-அவுட் முளைத்துவிடும்?

விலை கொடுத்து வாங்குவதில் வழக்கில்லை, வாய்தா இல்லை. விற்க நினைக்கிறவர் விற்கிறார். மனைக்காரர் கொடுக்கும் விலையை ஏரிக்காரர்களும் கொடுத்தால் அவர் ஏரிக்காரர்களிடமே விற்பார். தாத்தா ஆண்ட நிலம் கல் நடப்படாமல் நிலமாகவே கிடக்கும் என்றால், அதில் அவருக்கும் ஒரு நிறைவு உண்டு.

ஊர் கூடி வாங்கிய கரைகள்

இது நடக்கிற காரியமா என்று கேட்பார்கள். நடந்திருக்கிறது.

நியூசிலாந்தில் ஏபல் டாஸ்மன் தேசியப் பூங்காவை ஒட்டி அவரோவா என்ற கடற்கரை. 7 ஹெக்டேர், மணல் கரை மட்டும் 800 மீட்டர். தனியாருக்குச் சொந்தம். 2015 கடைசியில் விற்பனைக்கு வந்தது. யாராவது பணக்காரர் வாங்கி வேலி போட்டுவிடுவார் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, கிறிஸ்துமஸ் விருந்தில் இரண்டு உறவுக்காரர்களுக்குத் தோன்றிய யோசனைதான் நாமே எல்லோரும் சேர்ந்து வாங்கினால் என்ன என்பது. சில வாரங்களில் ஏறத்தாழ 40,000 பேர் பணம் போட்டார்கள். அரசும் 3.5 லட்சம் டாலர் சேர்த்தது. 22 லட்சம் நியூசிலாந்து டாலருக்கு மேல் திரண்டது. கெடு நெருங்கிய நேரத்தில் ஒரு செல்வந்தர் முன்வந்து, குறையும் தொகையை நான் தருகிறேன், ஆனால் கரையில் ஒரு பகுதி கொஞ்ச காலம் என் குடும்பத்துக்கு என்றார். பணம் கேட்டு ஓடிக்கொண்டிருந்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடம் இதுதான். பத்து டாலர் கொடுத்தவருக்கும் லட்சம் கொடுக்க வந்தவருக்கும் ஒரே கரை, ஒரே உரிமை என்பதில் அவர்கள் அசையவில்லை. 2016 ஜூலை 10 அன்று அவரோவா தேசியப் பூங்காவோடு சேர்ந்தது.

இங்கிலாந்தில் இதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1902-ல் டெர்வென்ட்வாட்டர் ஏரிக்கரையில் பிராண்டல்ஹவ் என்ற 108 ஏக்கர் நிலம் வீட்டு மனைகளாகப் போகவிருந்தது. நம் ஊசுட்டேரி கதையேதான். நேஷனல் டிரஸ்ட் அமைப்பு 6,500 பவுண்டு திரட்ட வேண்டியிருந்தது. 1,300 பேர் கொடுத்தார்கள். ஷெஃபீல்டு நகரத்து ஆலைத் தொழிலாளி ஒருவர் தன்னால் முடிந்த சிறு தொகையை அனுப்பி, அந்த ஏரியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வாழ்நாளெல்லாம் இருந்தது, இனி பார்க்கப் போவதில்லை, மற்றவர்களுக்காவது இருக்கட்டும் என்று எழுதியிருந்தார்.

நம் பக்கமும் இல்லாமல் இல்லை. கர்நாடகத்தின் கொள்ளேகால் பகுதியில் யானைகள் கடக்கும் குறுகிய வழியில் 25 ஏக்கர் சொச்சம் பட்டா நிலத்தை இந்திய வனவிலங்கு அறக்கட்டளை நன்கொடைப் பணத்தில் வாங்கி வனத்துறையிடம் ஒப்படைத்தது. வயநாட்டின் திருநெல்லி - குத்ரகோட் வழித்தடத்திலும் அப்படியே. அங்கே குடியிருந்த குடும்பங்களோடு உட்கார்ந்து பேசி, விருப்பத்தோடு இடம் மாறியவர்களுக்கு வீடும் நிலமும் வேறிடத்தில் கொடுத்த பிறகே யானைக்கு வழி விட்டார்கள். பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் நடந்தது. 

இன்னும் பின்னால் போனால் இதுவெல்லாம் நமக்குப் புதிதே இல்லை என்று தெரியும். பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரிப்பட்டி என்று வருகிறது. ஏரியின் பராமரிப்புக்கென்றே ஒதுக்கிய நிலம் அது. அரசன் மட்டும் கொடுக்கவில்லை. வணிகரும் ஊர்ச்சபையும் சாதாரண குடிகளும் நிலமோ பொன்னோ கொடுத்து, அதன் வருமானத்தில் ஏரி தூர்வார ஏற்பாடு செய்தார்கள். உத்திரமேரூரில் அதைக் கண்காணிக்க ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருந்தது, பத்தாம் நூற்றாண்டில். ஏரிக்காக நிலம் வாங்கி எழுதிவைப்பது தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்டுப் பழக்கம். நடுவில் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

அதுவும் முழுக்க விட்டுப்போகவில்லை. 2018 கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணியில் இளைஞர்களும் விவசாயிகளும் கைஃபா என்ற அமைப்பாகச் சேர்ந்து, ஊர்ப் பணத்திலேயே 564 ஏக்கர் பெரியகுளத்தைத் தூர்வாரினார்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் கொடுத்தார்கள். குளம் நிரம்பியது. ஏரிக்குப் பணம் கேட்டால் தமிழன் கொடுப்பானா என்ற கேள்விக்குப் பேராவூரணி பதில் சொல்லிவிட்டது.

எதிர்க்கத் திரள்வதும் வாங்கத் திரள்வதும்

மதுரை அரிட்டாபட்டியில் 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் என்று செய்தி வந்ததும் ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். ஜனவரியில் மதுரையை நோக்கி நடந்தார்கள். 2025 ஜனவரி 23-ல் ஏலம் ரத்தானது. ஆபத்து எதிரே நின்றால் நம் மக்களுக்குத் திரளத் தெரியும்.

வாங்கத் திரள்வது வேறு மாதிரி வேலை. இங்கே எதிரி கிடையாது. மனைக்காரர்கூடச் சட்டப்படி அனுமதி வாங்கித்தான் போடுகிறார். கோஷம் போட்டு முடிகிற காரியம் அன்று, வீடு வீடாகப் போய் உட்கார்ந்து பேச வேண்டிய காரியம். கணக்கு காட்ட வேண்டும். ரசீது கொடுக்க வேண்டும்.

அதற்கான பழக்கம் இந்த மண்ணில் இருக்கிறது. ஆடி மாதம் கூழ் ஊற்ற, தேர் இழுக்க, பாரதக் கூத்து வைக்க விழுப்புரம் மாவட்டத்துக் கிராமங்களில் தலைக்கட்டு வரி போடுகிறார்கள். இத்தனை தலைக்கட்டு, தலைக்கு இத்தனை ரூபாய், யார் யார் கொடுத்தார்கள் என்று நோட்டில் பெயர் எழுதி, திருவிழா முடிந்ததும் கோயில் வாசலில் வரவு செலவு படிப்பார்கள். ஒரு ரூபாய் இடித்தாலும் கேள்வி கேட்க ஆள் உண்டு. எந்த ஆடிட்டரும் அப்படித் துருவ முடியாது. ஏரி நிலத்துக்கும் அதே நோட்டு, அதே வாசல் போதும்.

அளவுக்கும் நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் சென்ட் என்கிறோம். புதுச்சேரிப் பக்கம் இன்றும் குழிக் கணக்குதான். 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி ஒரு குழி. ஏக்கருக்கு 75 குழிக்குச் சற்று அதிகம். வில்லியனூரில் ஒரு குடும்பம் ஒரு குழி என்று எடுத்துக்கொண்டால் 75 குடும்பத்தில் ஏறக்குறைய ஒரு ஏக்கர் ஏரிக்கு வந்துவிடும். முழுக் குழி முடியாதவர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு குழி. பிறந்தநாளுக்கு ஒரு குழி, அப்பா நினைவுக்கு ஒரு குழி. நிலம் பிரித்துக் கொடுக்கப்படாது, பெயர் மட்டும் நோட்டில் ஏறும்.

யாரிடம் கேட்பது? முதலில் தண்ணீர் குடிக்கிறவர்களிடம். புதுச்சேரி நகரத்தின் குடியிருப்போர் சங்கங்கள், சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை, ஏரியைச் சுற்றி எழும்பியிருக்கும் கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் இந்த நிலத்தடி நீரில்தான் ஓடுகின்றன. கண்டமங்கலம், வானூர்க்காரர்கள் தங்கள் நிலத்தைத் திறந்த வெளியாக விட்டுவைப்பதால் அவர்களுக்கு நீர் கிடைக்கிறது. கொடுக்க வேண்டிய கடமை கிராமத்தைவிட அவர்களுக்கே அதிகம் என்பது என் கருத்து. பள்ளிக்கூடங்களை மறந்துவிடக் கூடாது. 1987-ல் ஸ்வீடன் நாட்டில் ஒரு சின்னக் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகள் கோஸ்டா ரிகாவின் மழைக்காட்டை வாங்கப் பணம் சேர்க்க ஆரம்பித்தார்கள். 44 நாட்டுப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். இன்று அது 20,000 ஹெக்டேருக்கு மேல் பரந்த காடு. மார்கழிக் காலையில் ஊசுட்டேரிக் கரையில் நாமக்கோழிக் கூட்டத்தையும், வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்தையும், தண்ணீர் வற்றுகிற மாதங்களில் பூநாரையையும் ஒரு முறை பார்த்த பிள்ளை வீட்டில் சும்மா இருக்காது.

எதை வாங்குவது, எதைத் தொடக்கூடாது

நன்றாக விளைகிற நஞ்சையை வாங்கவே வேண்டாம். நெல் விளையும் வயல் ஏரிக்கு நண்பன்தான். வாங்க வேண்டியது மூன்று வகை: மேட்டில் அரித்துக்கொண்டிருக்கும் செம்மண் ஓடைக் கரைகள், வாய்க்காலின் இருபுறமும் கொஞ்ச அகலம், ஏரி நிரம்பும் வருடத்தில் தண்ணீர் ஏறி நிற்கும் தாழ்வான பட்டாக்கள். இவற்றின் விலையும் குறைவு, ஏரிக்கு உபயோகமும் அதிகம்.

கவனமாக இருக்க வேண்டிய ஒன்று பஞ்சமி நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமன்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையின் பயனாக, 1892-ல் தொடங்கிப் பட்டியல் சமூகத்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட நிலம் அது. வேறு யாரும் வாங்கச் சட்டத்தில் இடமில்லை. எத்தனையோ இடங்களில் கைமாறிப் போய், மீட்புக்காக இன்றும் போராட்டம் நடக்கிறது. நல்ல காரியம் என்ற பெயரில் இன்னொரு முறை அந்த அநியாயம் நடந்துவிடக் கூடாது. எனவே ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் வில்லங்கச் சான்று, சிட்டா எல்லாவற்றுக்கும் முன்னால் அ-பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பழகிய உரிமைகள். பட்டா யார் பேரில் இருந்தாலும், அந்தக் கரம்பில் ஆடு மேய்ப்பவர் ஒருவர், புல் அறுப்பவர் ஒருவர், விறகு பொறுக்குபவர் ஒருவர் இருப்பார். பத்திரத்தில் அவர்கள் பெயர் இருக்காது. விலை பேச உட்காரும்போது அவர்களையும் உட்கார வைக்க வேண்டும். முதல் நாளே வேலி போட்டு ஆட்டை விரட்டினால், ஏரி நிலம் என்றாலே ஊருக்கு வெறுப்பு வந்துவிடும். எங்கே மேயலாம், எந்த மாதம் மேயக் கூடாது என்று பேசி முடிப்பது பெரிய சிரமம் இல்லை.

பத்திரம் யார் பேரில்?

பணம் திரட்டுவதைவிடக் கடினமான கேள்வி இது. இதற்குப் பாடம் படிக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை, பக்கத்திலேயே ஆரோவில் இருக்கிறது.

1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கியபோது அந்த மேடு பொட்டல். உலகெங்கிலும் இருந்து வந்த நன்கொடையில் கிராமத்தாரிடம் துண்டு துண்டாக நிலம் வாங்கினார்கள். வரப்புக் கட்டி மழைநீரை நிறுத்தி, மரக்கன்று வைத்தார்கள். இந்தக் கரையோரத்துக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் கடைசி மிச்சம் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காடு போன்ற இடங்களில்தான் இருந்தது. அங்கிருந்து விதை பொறுக்கி வந்து, மொட்டை மேட்டைக் காடாக்கினார்கள். பூத்துறையில் 1994-ல் தொடங்கிய ஆரண்யா காடு ஏறத்தாழ 100 ஏக்கர். அதுவும் ஒரு காலத்தில் அரித்துப் போன கரம்புதான். வாங்கி, சும்மா விடாமல் பார்த்துக்கொண்டால் முப்பது ஆண்டில் நிலம் என்னவாகும் என்பதை ஊசுட்டேரிக்குப் பக்கத்திலேயே போய்ப் பார்க்கலாம்.

ஆனால் அதே ஆரோவிலில் 2021 டிசம்பரில், நகரத் திட்டத்தின் சாலைக்காக மரங்கள் வெட்டப்பட்டன. அங்கே வசிப்பவர்களில் ஒரு பகுதியினர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் போனார்கள். தீர்ப்பாயம் 2022-ல் கட்டுப்பாடு விதித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. சட்டப்படி அது காடு என்று அறிவிக்கப்பட்ட நிலம் இல்லை. நகரத்துக்கென்று திட்டமிட்ட நிலம். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல இங்கே வரவில்லை. நிலத்தை வாங்கும் நாளிலேயே அது எதற்காக என்பதைச் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியும்படி எழுதி வைக்காவிட்டால், மரம் நட்டவரின் மனதில் இருந்த நோக்கம் பின்னால் வருகிறவரைக் கட்டாது. இதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

அதற்கு வழி இருக்கிறது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002-ல் செய்த திருத்தம், சமூகக் காப்பகம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. தனியார் நிலமோ ஊர் நிலமோ, உரிமையாளர் தாமாக முன்வந்தால் அரசு அப்படி அறிவிக்கலாம். நிலம் அரசுக்குப் போய்விடாது. நிர்வாகக் குழுவில் ஊராட்சித் தரப்பினரும் வனத்துறையிலிருந்து ஒருவரும் இருப்பார்கள், தனியார் நிலம் என்றால் உரிமையாளரும் உண்டு. அறிவித்த பிறகு, குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் இல்லாமல் நிலத்தின் பயன்பாட்டை மாற்ற முடியாது. கேரளத்தில் கடலுண்டி முகத்துவாரம் அப்படித்தான் காக்கப்படுகிறது. ஊர் மக்கள் பறவைக்காக முன்வந்ததற்குத் தமிழ்நாட்டில் திருப்புடைமருதூர் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில், கோயிலை ஒட்டிய மரங்களில் கூடு கட்டும் பறவைகளுக்காக வெறும் 2.84 ஹெக்டேரை 2005-ல் பாதுகாப்புக் காப்பகம் என்ற இன்னொரு வகையில் அறிவித்தார்கள். மூன்று ஹெக்டேர்கூட இல்லை. அளவு சின்னது என்று யாரும் தள்ளவில்லை.

என் யோசனை இதுதான். வாங்குவது ஒரு பொது அறக்கட்டளை பேரில் இருக்கட்டும். ஏரியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளும் புதுச்சேரிப் பக்கத்துக் கொம்யூன்களும் அதில் பங்கேற்கட்டும். கிரயப் பத்திரத்திலேயே இந்த நிலம் ஊசுட்டேரியின் நீர்வரத்துக்காக வாங்கப்பட்டது, விற்கவோ மனையாக்கவோ கூடாது என்று எழுதட்டும். பதிவு முடிந்த கையோடு சமூகக் காப்பகத்துக்கு விண்ணப்பிக்கட்டும். பெயர் நோட்டில் ஏறிய ஒவ்வொருவருக்கும் ஆண்டுக் கூட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமை இருக்கட்டும்.

அரசுகளிடம் கேட்க வேண்டியதும் உண்டு. சாலைக்கும் சிப்காட்டுக்கும் உரிமையாளரோடு விலை பேசி நிலம் வாங்கும் முறை தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. ஏரிக்கும் அதையே செய்யலாம். அவரோவாவில் செய்ததுபோல, மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு ஒரு பங்கு போடட்டும். குறைந்தபட்சம் இந்தக் கிரயங்களுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வேண்டாம் என்று ஓர் ஆணை போடட்டும். தமிழ்நாட்டுக்கு ஈரநில இயக்கம் இருக்கிறது, இதே மாவட்டத்தில் கழுவெளி 2021-ல் சரணாலயமாகி 2024-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் ஏறிவிட்டது. ஊசுட்டேரிக்கு இரண்டு முதலமைச்சர்கள் இருக்கிறார்கள். இருவருமே அடுத்தவர் ஆரம்பிக்கட்டும் என்று இருந்துவிடுவார்களோ என்பதுதான் கவலை. ஆகவே மக்கள் முதலில் தொடங்கிவிடுவது நல்லது.

விலை பேசியதும் முழுப் பணம் வேண்டியதில்லை. கிரய ஒப்பந்தம் போட்டு முன்பணம் கொடுத்து, மீதிக்கு ஓர் ஆண்டு கெடு வாங்கிக்கொள்ளலாம். மனைக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த ஓராண்டுதான் பணம் திரட்டும் காலம். ஒப்பந்தம் கையில் இருந்தால், குறிப்பிட்ட சர்வே எண், குறிப்பிட்ட குழி என்று காட்டிக் கேட்கலாம். எங்கேயோ ஏரியைக் காப்போம் என்று கேட்பதைவிட, இந்த ஓடைக்கரைக்கு இன்னும் நாற்பது குழி பாக்கி என்று கேட்டால் சீக்கிரம் கைக்கு வரும்.

அடுத்த கிராம சபை நாளில் பூத்துறையிலும் பெரம்பையிலும் கண்டமங்கலம் ஒன்றியத்து ஊராட்சிகளிலும் தீர்மானம் ஒன்று வரட்டும்: ஏரியின் நீர்வழியில் இருக்கும் பட்டா நிலங்களின் சர்வே எண் பட்டியலை எடுப்பது, விற்க விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று தண்டோரா போடுவது. எழுத்தில் இவ்வளவு போதும். முதல் கிரயத்துக்கு என் ஓட்டு, பூத்துறை மேட்டில் ஏரியைப் பார்த்து இறங்கும் செம்மண் ஓடை ஏதாவது ஒன்றின் கரைக்கு. ஒரு ஏக்கர் ஆனாலும் சரி. வானூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்து, அந்த ஆண்டு மழைக்காலத்துக்கு முன்னால் கரையில் வரப்புப் போட்டுவிட்டால், ஐப்பசியில் ஓடை வழியே இறங்கும் தண்ணீரின் நிறத்தை ஊரே போய்ப் பார்க்கலாம்.